மூணாம் சந்தைக்குள்ளே

முப்பத்தொன்று. இந்த எண்ணை மறக்க வேண்டாம்.

பாப்பாயி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறுமுனையைக் கையால் இழுத்து, முழங்காலை வைத்து அழுத்தி முடிச்சுப் போடுகிறாள். உள்ளே ஒரு மாற்றுச் சேலை, ஓர் அருவாள், அப்பனுக்கு ஒரு கட்டுப் புகையிலை. கருவாட்டுப் பொட்டலம் வீட்டில் இருக்காது. சுத்த சைவக் குடும்பத்து மருமகள். அது வாழைத் தோட்டத்துக் கொட்டகையில் செருகியிருக்கும்; போகிற வழியில் எடுத்துக்கொள்வாள்.

"எங்கே பாப்பாயி?" என்று கேட்டால், "மேலே" என்பாள். "எப்போ வருவே?" என்று கேட்டால், அதை நீ என்னிடம் ஏன் கேட்கிறாய் என்கிற மாதிரி வீட்டுக்குள் கையைக் காட்டுவாள். உள்ளே அவள் புருஷன் சடகோபன் தலையைக் குனிந்து மோர்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

மேலே என்றால் பச்சைமலை. ஸ்ரீரங்கத்திலிருந்து துறையூருக்கு ஒரு பஸ். துறையூரிலிருந்து சோபனபுரத்துக்கு இன்னொன்று. அதற்கப்புறம் பஸ் கிடையாது, கால்தான். ஏழு மைல் ஏறினால் கருங்குட்டை. இருபத்திரண்டு வீடு, ஒரு சுனை. அதுதான் அவள் பிறந்த ஊர்.

கல்யாணமான 1953லிருந்து இந்த ஆவணி வரை, பதினொரு வருஷத்தில், அவள் இப்படிக் கிளம்பியது முப்பத்தொரு தடவை. கோபித்துக்கொண்டு போனது இரண்டே தடவை. மற்றதெல்லாம் சாமை அறுப்பு, தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம், பலாப்பழம், நோன்பு. பாதிக்குக் காரணமே இராது. "காலு நமநமங்குது" என்பாள். போய்விடுவாள்.

உட்காரத் தெரியாத பொம்பளை. குள்ளம். கெண்டைக்கால் மட்டும் உரல் மாதிரி இருக்கும். ஸ்ரீரங்கத்து மேலூர் ரோட்டை ஒட்டிய வாழைத் தோட்டங்களில் மட்டை கிழித்து நார் எடுப்பது அவள் தொழில். பூக்கட்டுகிறவர்களுக்கு அந்த நார் போகும். மற்ற பெண்கள் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து உரிப்பார்கள். இவள் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே உரிப்பாள். தோட்டத்தின் இந்தக் கோடியில் மட்டையாகக் கிளம்புவது அந்தக் கோடியில் நாராகப் போய்ச் சேரும். ஒருமுறை சடகோபன் சினிமாவுக்குக் கூட்டிப் போனான். இடைவேளை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். "இத்தினி பேரும் யாருக்காவ உக்காந்து கெடக்காங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே போய், படம் முடிகிற வரைக்கும் காவிரிப் பாலத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாளாம்.

நான் சடகோபனுக்குச் சங்கத்து அண்ணன். மலைக்கோட்டையைக் காட்டி அவளிடம் பெருமையடித்தேன். நிமிர்ந்து பார்த்தாள். "இந்தக் கல்லா? எங்கூர்ல இது மேல மொளகா காய வெப்போம்" என்றாள்.

பச்சைமலை ஜனங்கள் தங்களை மலையாளி என்று சொல்லிக்கொள்வார்கள். மலையில் இருப்பவர்கள், அவ்வளவுதான். பேசுவது தமிழ். இது மேலூர் ரோட்டுக்கு விளங்க நாலு வருஷம் ஆயிற்று. எதிர்வீட்டு ரோசம்மாளின் தம்பி பாலக்காட்டில் வேலை பார்த்தான். அவனுடைய முதலாளி எழுதிய மலையாளக் கடிதம் ஒன்றை அவள் எடுத்து வந்து, படித்துச் சொல்லு என்று நீட்டினாள். பாப்பாயி வாங்கித் தலைகீழாகப் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். "நல்ல சேதியாத்தான் இருக்கும். எழுத்தெல்லாம் உருண்டையா இருக்கு பாரு" என்று திருப்பிக் கொடுத்தாள். ரோசம்மாள் அதை நம்பி ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள்.

புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். முனகல் இல்லை, முழுத் தொண்டையில் "சடகோபா!" மாமியார் கமலவல்லியம்மாள் முதல் வருஷம் காதைப் பொத்திக்கொள்வார்.

"சடகோபம்னா பெருமாள் திருவடிடீ. கோயில்ல குனிஞ்சு தலையில வாங்கிக்கிறோம். அதைப் போய் நடுத்தெருவுல ஆடு பத்தற மாதிரிக் கத்தறியே!"

"பேரு கூப்பிடத்தானே அத்தை வெச்சீங்க? பொட்டியில வெச்சுப் பூட்டவா?"

கமலவல்லியம்மாள் கெட்டவர் இல்லை. பெருமாளுக்கு மாலை கட்டும் குடும்பம். பதினாறு வயதில் அந்த வீட்டுக்கு வந்து நாற்பத்தைந்து வருஷமாகப் பூவைத் தவிர வேறு எதையும் தொட்டு வேலை செய்யாதவர். மருமகள் உரித்த நாரில் துளசி தொடுத்தார். அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கத்தான் மூன்று வருஷம் பிடித்தது. அதற்கு நான் ஒரு நோட்டீஸும் போடவில்லை. தானாக நடந்தது.

சடகோபன் அந்தக் குடும்பத்தில் பூவை விட்டு டிக்கெட்டுக்கு வந்த முதல் ஆள். துறையூர் லைனில் கண்டக்டர். நான் அப்போது பஸ் தொழிலாளர் சங்கத்தில் முழுநேர ஆள். இப்போது இல்லை, அது வேறு கதை. ஒருநாள் துறையூரில் பாப்பாயி பலாப்பழத்தை ஸீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். இவன் லக்கேஜ் சார்ஜ் கேட்டான். "அது எனக்கு முன்னாடி ஏறி உக்காந்துடுச்சு. அதுக்கு டிக்கெட்டு குடு. நான் நின்னுக்கிறேன்" என்றாளாம். அன்றைக்கு அவன் டிக்கெட் புத்தகத்தை இரண்டு தடவை கீழே போட்டதாக டிரைவர் எனக்குச் சொன்னார்.

பெண் கேட்கப் போனபோது பெரிய மனுஷனாக என்னைக் கூட்டிப் போனான். கருங்குட்டையில் அவள் அப்பன் வெள்ளையக் கவுண்டர் பாயைப் போட்டார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஒரு பைசா வரதட்சிணை வாங்க மாட்டார், இது எங்கள் கொள்கை என்றேன். பையில் வரதட்சிணை ஒழிப்பு நோட்டீஸ் இருநூறு இருந்தது.

வெள்ளையக் கவுண்டருக்கு விளங்கவில்லை. "மாப்பிள்ளை எதுக்கு வாங்கணும்? பொண்ணக் குடுக்கறவன் நானு. பொண்ணையும் குடுத்துக் காசும் குடுக்க எனக்குப் பைத்தியமா? ஒரு காளைக் கன்னு ஓட்டியாரச் சொல்லு."

சடகோபன் சைக்கிளை விற்றுக் கன்று வாங்கினான். நோட்டீஸ் இருநூறையும் நான் துறையூர் வரை திருப்பித் தூக்கி வந்தேன்.

அன்றைக்குக் கவுண்டர் இன்னொன்றும் சொன்னார். "பொண்ணு மேல வந்தா, மூணு சந்தைக்குள்ள நீ வந்து எங்க தண்ணியக் குடிச்சிட்டு, வா போகலாம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடணும்." நாங்கள் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டோம். கட்டாயம் வருகிறோம் என்று கையெடுத்துக் கும்பிட்டோம். அது சட்டம் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

கருங்குட்டையின் சட்டம் இது. பெண்டாட்டி பிறந்த வீட்டுக்கு நினைத்தபோது வரலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. புருஷன் மூன்று துறையூர்ச் சந்தைக்குள், அதாவது மூன்று வாரத்துக்குள், மாமனார் வாசலுக்கு வந்து நின்று தண்ணீர் குடித்து, வா போகலாம் என்று கூப்பிட வேண்டும். மூன்றாம் சந்தை கலைகிற வரைக்கும் அவன் வரவில்லையென்றால் விட்டுவிட்டான் என்று அர்த்தம். பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பேர் மேலும் குற்றம் இல்லை. தீர்ந்தது.

ஸ்ரீரங்கத்தின் சட்டம் வேறு. கேட்காமல் போன பெண்டாட்டி, போன காலாலேயே திரும்பி வர வேண்டும். பின்னாலேயே ஓடிப் போய்க் கூப்பிடுகிறவன் ஆம்பளை இல்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் போலீஸ் அதிகம்.

1953 கார்த்திகையில், கல்யாணமாகி நாலாம் மாசம், பாப்பாயி சாமை அறுக்க மேலே போனாள். முதல் தடவை. சடகோபன் பேயறைந்தவன் மாதிரி என்னிடம் வந்தான். "சண்டைகூட இல்லண்ணே. ரசம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனா."

நான் வேலைநிறுத்தம் நடத்துகிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நீ அசையாதே. யார் முதல்ல இறங்கறாங்களோ அவங்க தோத்தாங்க. தானா வருவா."

முதல் சந்தை போயிற்று. இரண்டாம் சந்தை போயிற்று. மூன்றாம் சந்தையன்று துறையூர் பஸ் நிலையத்தில் சடகோபன் பஸ் கிளம்பத் தயாராக நிற்கிறது. பாப்பாயி சாமை விற்க இறங்கி வந்தவள், இருபதடி தூரத்தில் நிற்கிறாள். இவனைப் பார்த்துவிட்டாள். இவனும் பார்த்துவிட்டான். அவள் ஏறுவாள் என்று இவன் படியில் இடம் விட்டு நின்றான். அவன் இறங்கி வந்து கூப்பிடுவான் என்று அவள் மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். பயணிகள் கத்தினார்கள். டிரைவர் ஹாரனை அடித்தார். சடகோபன் விசில் ஊதிவிட்டான்.

பஸ் நகர்ந்து வாசல் திரும்பும்போது குறுக்கே ஒரு காளை நின்றது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளையக் கவுண்டர். "இந்தாய்யா உன் கன்னு. ஓட்டிக்க. சந்தை இன்னும் ஒரு நாழியில கலைஞ்சிடும். அதோட உனக்கும் எங்களுக்கும் தீந்துது."

படியில் தொங்கியபடியே சடகோபனுக்குச் சட்டம் விளங்கியது. டிக்கெட் பையை டிரைவர் மடியில் போட்டான். நாற்பத்திரண்டு பயணிகளை நடு ரோட்டில் விட்டுவிட்டு ஓடினான். சந்தையில் கவுண்டர் சாமை விற்ற சாக்கின் மேல் வைத்திருந்த செம்பை எடுத்துக் குடித்தான். வா போகலாம் என்றான். வீட்டு வாசலில் சொல்ல வேண்டியதைச் சந்தையில் சொன்னது செல்லுமா என்று கவுண்டர் யோசித்தார். பிறகு, வீட்டுச் செம்புதானே, போகட்டும் என்று விட்டார்.

கம்பெனி அவனைப் பதினைந்து நாள் சஸ்பெண்ட் செய்தது. "பயணிகளைக் கைவிட்டு மாமனார் வீட்டுத் தண்ணீர் குடிக்கச் சென்றது" என்று குற்றப் பத்திரிகையில் இருந்தது. அந்தக் கேஸை நடத்தியவன் நான். தோற்றேன்.

அதற்கப்புறம் அவன் ஒரு தடவையும் தவறவில்லை. அவள் ஏறுவாள், இரண்டாம் வாரம் இவனும் ஏறுவான். ஆனால் ஸ்ரீரங்கத்துக்குச் சொல்ல வேண்டுமே! "ஸ்பெஷல் டூட்டிம்மா, துறையூர்ல தங்கணும்" என்பான் அம்மாவிடம். திரும்பும்போது திருவானைக்காவலில் பாப்பாயியை இறக்கிவிட்டு, இவன் மட்டும் யூனிபாரத்தோடு முதலில் வீடு சேர்வான். ஒரு மணி நேரம் கழித்து அவள் தனியாக மூட்டையோடு மேலூர் ரோட்டில் நடந்து வருவாள். தெரு பார்க்கும். "பாத்தியா, போனவ தானா வந்துட்டா. சடகோபன் அசைஞ்சானா பாரு!" கமலவல்லியம்மாளும் பூக்கடையில் சொல்லுவார்: "எம்புள்ள ஒரு நாளும் பின்னாடி போனது கெடயாது."

இது பாப்பாயிக்குத் தெரியும். சிரிப்பாள். "கீழ அவன் கௌரவம். மேல என் கௌரவம். ரெண்டுக்கும் நடுவுல ஏழு மைலு இருக்கு. ஒண்ண ஒண்ணு இடிக்காது."

பதினொரு வருஷம் இடிக்கவில்லை.

இந்த ஆவணி முதல் வாரத்தில் அவள் வழக்கம்போல மேலே போனாள். அடுத்த வாரம் மழை. பஸ் மேலே ஏறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சடகோபன் வழுக்கி விழுந்தான். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு தாங்குகோல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் சந்தைக்கு முதல் நாள் எனக்கு ஆள் விட்டான்.

போனேன். அடுத்த அறையில் அம்மா மாலை கட்டிக்கொண்டிருந்தார். இவன் என் காதைப் பிடித்து இழுத்து வைத்துப் பேசினான். "அண்ணே, நாளைக்கு மூணாம் சந்தை. நீங்க போய்க் கூப்பிட்டுட்டு வந்துடுங்க."

"என்னடா அங்க ரகசியம்?" என்றார் அம்மா.

"சங்க விஷயம்மா."

ஏழு மைல். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பாப்பாயி வீட்டுக்கும் பாறை முனைக்கும் நடந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் சோபனபுரத்துக்கு வரும் பஸ்ஸின் புழுதி தெரியும். அவள் நடந்த இடத்தில் புல் செத்துக் கிடந்தது. சேதி அவளுக்குப் போன சந்தையிலேயே தெரிந்திருந்தது. கண்டக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

"வாய்யா நோட்டீசு" என்றாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "எந்தக் காலு?"

"வலது."

"அழுதானா?"

"நான் இங்கே வந்தது அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கான்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூட்டை கட்டித் தயாராகக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

கிளம்பு என்றேன். வெள்ளையக் கவுண்டர் குறுக்கே வந்தார். எழுபதைத் தாண்டியும் பனங்கட்டை மாதிரி இருந்தார். "யாரு கூப்பிடறது?"

"அவன் சார்பா நான்."

"நீ சங்கம். சங்கம் தண்ணி குடிச்சா செல்லாது."

கால் உடைந்தவன் எப்படி ஏறுவான், இதென்ன நியாயம் என்று நான் சத்தம் போட்டேன். பதில் சொன்னவள் பாப்பாயி.

"எனக்கு மட்டும் ஓடணும்னு இல்லையா? ஆறு நாளா இந்தக் காலு என்னைக் கீழதான் இழுக்குது. இந்தத் தடவ ஒடஞ்ச காலுக்காவ நானா எறங்கிட்டேன்னு வெச்சுக்க. அடுத்த தடவ மழைன்னுவான். அதுக்கு அடுத்தது டூட்டின்னுவான். அப்பறம் கூப்பிடறதே நின்னு போவும். அப்ப நான் அங்க கெடக்கற பொம்பளை ஆயிடுவேன்யா. இத்தினி வருசமா நான் அங்க வந்த பொம்பளை."

இதையே ஐம்பது டிப்போ வாசலில், இதைவிட மோசமான தமிழில், நானே பேசியிருக்கிறேன். ஒரு நாள் விட்டுக்கொடுத்த உரிமை மறுநாள் சலுகையாகிவிடும் என்று. எதிர்ப்பக்கம் நின்று கேட்டது அன்றைக்குத்தான்.

விடிந்தது. மூன்றாம் சந்தை நாள். பாப்பாயி சுனையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து அப்பன் வீட்டுப் பித்தளைச் செம்பில் நிரப்பினாள். அதன் வாயில் தேக்கிலை வைத்து நாரால் கட்டினாள்.

"அப்பா, குச்சிய எடு. தண்ணி நம்ம வீட்டுது. நீயும் கூட வரே. தண்ணியும் நீயும் நிக்கிற எடந்தானே நம்ம வாசலு?"

கவுண்டர் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "எங்க பாட்டன் காலத்துல இப்படி ஒரு வழக்கம் கேட்டதில்லே."

"பாட்டன் காலத்துல பஸ்ஸும் கேட்டதில்லே."

அவர் குச்சியை எடுத்தார். அவன் குடிக்கிற வரைக்கும் செம்பு தரையில் படக்கூடாது என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

மலை இறங்கும்போது அவள் என்னைத் தாங்கிப் பிடித்தாள், ஒரு கையால். மறு கையில் செம்பு. துறையூர் பஸ்ஸில் ஏறினோம். ஒன்றேமுக்கால் மணி நேரம் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் ஆடவில்லை. தலை திரும்பவில்லை. புலிவலத்தில் ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தபோது எல்லாரும் எழும்பினோம், அவள் மட்டும் எழும்பவில்லை. பதினொரு வருஷத்தில் அவள் அசையாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒன்றேமுக்கால் மணி நேரம்தான்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும் கவுண்டர் மொட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஏன் பாதியில நிக்கிது?"

"கட்டின ராஜா போயிட்டார்."

"யாரும் போய்க் கூப்பிடலியா?" என்றார்.

மேலூர் ரோடு. உச்சி வேளை. சடகோபன் வீட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் கவுண்டர் குந்தி உட்கார்ந்தார். பாப்பாயி பக்கத்தில் செம்போடு நின்றாள். "சடகோபா!"

கமலவல்லியம்மாள் பூக்கையோடு வெளியே வந்தார். "வந்துட்டியாடி? ஏன் ரோட்டுல நிக்கறே? உள்ள வா. அவன் காலப் பாரு."

"அவன் வரட்டும் அத்தை."

தெரு கூடிவிட்டது. ரோசம்மாள், நார்க்காரப் பெண்கள், சைக்கிளை நிறுத்திய இரண்டு பேர். சடகோபன் தாங்குகோல்களோடு நிலைப்படிக்கு வந்தான். மாமனாரைப் பார்த்தான். செம்பைப் பார்த்தான். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"உள்ள வா. அப்பறம் பேசிக்கலாம்" என்றான், வாய்க்குள்.

கவுண்டர் தலையை ஆட்டினார். "அது கூப்பிடறது இல்லே."

சைக்கிள்காரன் ஒருவன் சிரித்தான். "என்ன கண்டக்டரே, தானா வந்துட்டாங்களே, இன்னும் என்னவாம்?"

பாப்பாயி ஒரே ஒரு வார்த்தையில் சடகோபன் மானத்தை வாங்கியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. கெடுத்தவர் கவுண்டர். அவருக்கு இந்த ஊர் ரகசியம் என்ன தெரியும்? "ஏன்யா கூச்சப்படறே? முப்பது தடவ வந்து எங்க தண்ணியக் குடிச்சிட்டுக் கூப்பிட்டவன்தானே நீ?"

தெரு முழுக்கச் சடகோபனைப் பார்த்தது.

கமலவல்லியம்மாள் மகன் பக்கம் திரும்பினார். "முப்பது தடவையா?"

அவன் மாவுக்கட்டைப் பார்த்தான்.

"ஸ்பெஷல் டூட்டி, ஸ்பெஷல் டூட்டின்னியே... அதெல்லாமா?"

"ஆமாம்மா."

அவர் கையிலிருந்த துளசிச் சரம் பாதி தொடுத்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. நான் பல பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்தவன். எதிராளி எந்தப் பக்கம் விழுவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"என்ன வேடிக்க? பங்குனி உத்தரத்துக்குப் பெருமாள் தாயார் வாசல்ல வந்து நிக்கறார். எங்க போனீர்னு தாயார் கதவ அடைக்கறா. நின்னு கெஞ்சிட்டுத்தான் உள்ள போறார். அப்ப மட்டும் இடிச்சுக்கிட்டுப் போய்ச் சேவிக்கறீங்கள்ல? அவர் நின்னா சேவை, எம்புள்ள நின்னா வேடிக்கையா?"

சைக்கிள்காரன் பெடலைத் தேடினான்.

"போடா" என்றார் மகனிடம். "பெருமாளே நிக்கறார். நீ என்ன ஒசத்தி?"

சடகோபன் படியிறங்கினான். ஒவ்வொரு கோலாக ஊன்றி ரோட்டோரத்துக்கு வந்தான். பாப்பாயி தேக்கிலையைப் பிரித்துச் செம்பை நீட்டினாள். அவன் ஒரு கோலில் சாய்ந்துகொண்டு ஒரு கையை நீட்டினான்.

"ரெண்டு கையாலயும் வாங்கு" என்றாள்.

"விழுந்துடுவேன் பாப்பாயி."

அவள் செம்பைப் பின்னால் இழுக்கவும் இல்லை, முன்னால் கொடுக்கவும் இல்லை.

அவன் இரண்டு கோலையும் விட்டான். அவை ரோட்டில் விழுந்து சத்தம் போட்டன. ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நின்று, இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்து குடித்தான். பாதி வாயில், பாதி மார்பில். யாரும் பிடிக்கப் போகவில்லை. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். கவுண்டர் குச்சியை என் காலுக்கு முன்னால் நீட்டினார். சடகோபன் வாயைத் துடைத்துக்கொண்டான். இந்தத் தடவை வாய்க்குள் சொல்லவில்லை. துறையூர் பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவுகிற அந்தக் குரலில், மேலூர் ரோடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான்.

"பாப்பாயி! வா, போகலாம்!"

அதற்கப்புறம்தான் அவள் குனிந்தாள். இரண்டு கோலையும் எடுத்தாள். புழுதியை முந்தானையால் துடைத்து, ஒவ்வொன்றாக அவன் கக்கத்தில் கொடுத்தாள்.

அவர்கள் நடந்து உள்ளே போனார்கள். அவர்கள் நின்ற இடத்துக்கும் நிலைப்படிக்கும் நடுவே உள்ள தூரத்தை நான் பிறகு அளந்தேன். எட்டு அடி.